கம்பளத்தின் மேல் தேயிலை

பெருக்கும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும், நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் தூள் தரைப்பலகைகளின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் அடுத்த மழைக்காலம் முழுக்க அங்கேயே ஊறும் என்பது தவமணிக்குத் தெரியாததல்ல. ஆனாலும் துடைப்பம் முதலில் நடுவில்தான் இறங்கியது. ஜன்னல் வெளிச்சம் அங்கேதான் விழுந்திருந்தது. நேற்றுச் சாயங்காலம் கம்பளம் முழுக்கத் தூவிவிட்ட தேயிலை இரவெல்லாம் அதன் மேல் கிடந்து, இப்போது பார்க்க, சிவப்புப் பூக்களையும் நீலக் கரையையும் மூடிக்கொண்டு எறும்புப் பட்டாளம் மாதிரி இருந்தது. காய்ந்த தேயிலை எதையும் இழுத்துக்கொள்ளும். பக்கத்தில் வெங்காயம் இருந்தால் வெங்காயத்தை, சோப்பு இருந்தால் சோப்பை, நாய் இருந்தால் நாயை. இழுத்திருக்குமா? குனிந்து ஒரு பிடி அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள். மூச்சு உள்ளே போயிற்று, வெளியே வந்தது. பிறகு தும்மல் வந்தது. தும்மலுக்கு மட்டும் இன்னும் மூக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஐப்பசி மழையில் வந்த காய்ச்சல் சில நாளில் போய்விட்டது. போகும்போது இதையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறது என்று அவளுக்கு உடனே தெரியவில்லை. காய்ச்சல் வாய் என்றுதான் நினைத்திருந்தாள். ரசம் வெறும் புளிப்பாக இருந்தது. காப்பி கசப்பாகவும் சூடாகவும் இருந்தது, காப்பியாக இல்லை. ஒருநாள் முன்னறையில் உட்கார்ந்து ஸ்வெட்டர் கை பின்னிக்கொண்டிருந்தபோது கண் கரித்தது. நிமிர்ந்து பார்த்தால் அறை முழுக்கப் புகை. அடுக்களையில் பால் பொங்கி, வழிந்து, வற்றி, பாத்திரத்தின் அடி கரியாகியிருந்தது. கண் வந்துதான் சொன்னது. கண்ணுக்கு முன்னால் சொல்ல வேண்டியது சொல்லவில்லை. அன்றைக்குப் பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு, அடுக்களை நிலையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பால்தானே என்று சொல்லிப் பார்த்தாள். பாலாக இருந்ததால் புகை வந்தது. புகை வராதது எதுவாவது கசிந்திருந்தால்? துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு இப்போதும் அடுக்களைக்குப் போனாள். சிலிண்டர் மூடித்தான் இருந்தது. ரெகுலேட்டரை இன்னொரு தடவை திருகிப் பார்த்தாள். அதற்கு மேல் திரும்ப இடமில்லை. கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

மகன் எட்வின் மேட்டுப்பாளையம் தாண்டிவிட்டதாகப் போன் செய்திருந்தான். தனியாகத்தான் வருகிறான், மருமகள் ஷீபாவுக்கு லீவு கிடைக்கவில்லையாம். லீவு கிடைக்கவில்லையா, இந்த வீட்டுக்குள் மறுபடி கால் வைக்க மனசு வரவில்லையா. அப்படி நினைக்கக் கூடாது, அது நல்ல பெண். கிறிஸ்துமஸுக்கு வந்தபோது வாசலில் செருப்பைக் கழற்றினவள் முன்னறைக்குள் ஒரு கால் வைத்ததும் நின்றுவிட்டாள். துப்பட்டா முனை மூக்குக்குப் போயிற்று. தவமணி பார்ப்பதைப் பார்த்ததும் அதே முனையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். குன்னூரில், டிசம்பரில், நெற்றியில் என்ன வியர்வை. துடைத்துக்கொண்டதுதான் தவமணிக்குப் பொறுக்கவில்லை. மூக்கைப் பொத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. கேக் நன்றாயிருக்கிறது என்றார்கள். நன்றாயிருந்ததா? அளவைப் பார்த்துப் போட்ட கேக், கையும் கண்ணும் பழக்கத்தில் செய்த கேக். அவளுக்கு அது இனிப்பான பஞ்சு. சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே எட்வின் சொன்னான், இந்தக் கார்ப்பெட்டு நாறுதும்மா, நீ எப்படி இதுல உக்காந்திருக்க, நீயா? அந்த ‘நீயா’தான் இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. இந்த வீட்டுக்கே மூக்கு அவள்தான். ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்த நாளில் கீழேயிருந்து லாரியில் வரும் மீனை வாங்கி, கழுவுவதற்கு முன் அவளிடம் கொண்டுவந்து காட்டாத பெண் கிடையாது. தவமணியக்கா தலையை அசைத்தால் குழம்பு, அசைக்காவிட்டால் பூனைக்கு. எட்வின் காலேஜ் படிக்கும்போது சிகரெட் குடித்துவிட்டு, கொய்யா இலையை மென்று துப்பிவிட்டு, சட்டையை உதறிவிட்டு வருவான். வளைவில் திரும்பும்போதே இவள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள், குளிச்சிட்டு வாய்யா, அப்புறம் பேசிக்கலாம் என்று. அவன் நண்பர்கள் அவளைப் பார்த்தாலே இரண்டடி தள்ளி நிற்பார்கள். அந்த அவளைப் பார்த்துத்தான் அவன் கேட்டான். அவளும் தெரியாம என்ன, வெயில் வரட்டும்னு இருக்கேன் என்றாள். அந்தப் பொய் நாக்கில் தயாராக உட்கார்ந்திருந்ததுபோல வந்தது. காரில் ஏறும்போது அடுத்த தடவை வரும்போது வீட்டைப் பற்றிப் பேசிவிடலாம் என்றான். கோயம்புத்தூரில் கீழறையை ஒழித்து வைத்திருக்கிறதாம், மாடி ஏற வேண்டாமாம், தனியாக இருக்கிறதெல்லாம் கொஞ்ச காலத்துக்குத்தானாம். அவனுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் பேசவேகூட மாட்டான், பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்துவிடுவான். பலகைத்தரை போட்ட வீடு, அதில் ஒரு சிலிண்டர், அதன் பக்கத்தில் மூக்கில்லாத ஒருத்தி. வேறு யாருடைய அம்மாவாக இருந்தாலும் அவளே அப்படித்தான் சொல்லியிருப்பாள், முதல்ல கூட்டிட்டுப் போப்பா என்று. அவன்மேல் குற்றம் சொல்ல வழியில்லாததுதான் கஷ்டமாக இருந்தது. ஆகவே நாற்றம் போயிருக்க வேண்டும். அவன் உள்ளே வரும்போது இந்த அறையில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஒன்றும் இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்கு எப்போதும் ஒன்றும் இல்லைதான்.

இப்போது ஓரத்திலிருந்து பெருக்கினாள். ஜன்னல் பக்கத்து மூலையில் கரை கொஞ்சம் பிய்ந்திருந்தது, அது நாய் கடித்த இடம். எஸ்டேட் கை மாறினபோது மேனேஜர் பங்களாச் சாமான்களை விற்றார்கள். கல்யாணமான வருஷம். அவள் புருஷன் தேவசகாயம் தேயிலை ஃபேக்டரியில் ஸ்டோர்கீப்பர். ஒரு பீரோ வேண்டும் என்று இவள் சொல்லி அனுப்பியிருந்தாள். சாயங்காலம் ஃபேக்டரி லாரி வந்து நின்றது, இரண்டு பேர் நீளமாக எதையோ தோளில் சுமந்து இறக்க, இவர் அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து, பாத்து, பாத்து என்று கையைக் காட்டிக்கொண்டு வந்தார். யாரையோ அடக்கம் பண்ணக் கொண்டுபோவது மாதிரி இருந்தது. பீரோ கேட்டா பாய் கொண்டாந்திருக்கீங்க என்றாள். பாய் இல்ல தவம், கார்ப்பெட்டு, துரை வீட்டுக் கார்ப்பெட்டு என்றார். விரித்தார்கள். குவார்ட்டர்ஸ் அறையைவிடக் கம்பளம் பெரிது. ஒரு பக்கத்தை மடித்துக் கட்டிலுக்கு அடியில் செருக வேண்டியிருந்தது. விரித்ததும் இவள் முற்றத்துக்கு ஓடிவிட்டாள். என்ன என்ன என்று அவர் பின்னால் வந்தார். நாய் என்றாள். எந்த நாய் என்று அவர் சுற்றிலும் பார்த்தார். ரெண்டு நாய், அதுல ஒண்ணு கிழடு என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படிச் சிரித்தார். மறுநாள் பங்களாச் சமையல்காரரிடம் விசாரித்ததில் இரண்டு நாய் இருந்தது உண்மை, பெரியது கண் தெரியாமல் கணப்படுப்புக்கு முன்னால் இதே கம்பளத்தில் வருஷக்கணக்கில் கிடந்ததும் உண்மை. ஃபேக்டரி முழுக்க அவர்தான் சொல்லிப் பரப்பினார், என் பொண்டாட்டி மூக்கு நாயோட வயசைச் சொல்லும் என்று. அந்த வெயில் காலம் முழுக்க இரண்டு பேரும் இந்தக் கம்பளத்தோடுதான் குடித்தனம் நடத்தினார்கள். மதிலில் போட்டு மட்டையால் அடித்தார்கள், தூசி பறந்து பக்கத்து வீட்டில் காயப்போட்ட துணியெல்லாம் பாழாகி அதற்கொரு சண்டை. ஆப்பச்சோடாவைத் தூவி வைத்துப் பெருக்கினார்கள். சமையல்காரர் கொடுத்த வினிகரைத் தண்ணீரில் கலந்து துணியில் தொட்டு ஒற்றினார்கள். ஒற்றத்தான் வேண்டும், தேய்த்தால் நாற்றம் உள்ளே இறங்கும் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். அவர் முழங்காலில் நிற்பார், அவள் நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்து விரலை நீட்டுவாள். அங்க இல்ல, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம். இங்கயா? இன்னும் கொஞ்சம். ஆமா, அங்கதான். அவர் ஒரு தடவைகூட அலுத்துக்கொண்டதில்லை. ஆபீசில் நாலு பேரை அதட்டுகிற மனுஷன் கம்பளத்தில் தவழ்ந்துகொண்டு, இங்கயா தவம், இங்கயா என்று கேட்பார். வாசலில் கணுக்கால் உயரத்துக்கு மஞ்சள் டெய்சிப் பூ மண்டியிருந்தது, சாயங்கால வெயில் அதன் மேல் சாய்ந்து விழும். அந்த வெயிலுக்கே ஒரு வாசனை இருந்தது. காய்ந்த கம்பளி, சூடான செங்கல், கற்பூரமரத்து இலை. இப்போதுகூட அது அவளுக்கு வந்தது. மூக்கில் அல்ல, மூக்குக்குப் பின்னால் எங்கேயோ. இருந்ததெல்லாம் இருக்கிறது, இருப்பதுதான் இல்லை.

கடைசியில் தேயிலை. அது அவருடைய யோசனை. தேயிலைக் கிடங்குக்குள் சோப்பு, வெங்காயம், ஊறுகாய் எதையும் கொண்டுபோகக் கூடாது, சலிக்கிற அறைக்கு வேலைக்கு வரும் பெண்கள் தலையில் மல்லிகை வைத்திருக்கக் கூடாது, வைத்துக்கொண்டு வந்தால் வாசலில் ஒரு கம்பியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். சாயங்காலம் அந்தக் கம்பியில் வாடின பூச்சரமாகத் தொங்கும். மல்லிகையை இழுக்கிறது நாயை இழுக்காதா என்றார். சல்லடையில் கழித்த இலையை ஒரு சாக்கில் கொண்டுவந்து, கோழிக்குத் தீனி போடுகிற மாதிரி வீசினார். காலையில் பெருக்கி எடுத்ததில் ஒரு சிட்டிகையைக் கண்ணாடி டம்ளரில் போட்டு, கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, ஒரு தட்டால் மூடி வைத்து, அப்புறம் தட்டை எடுத்து டம்ளரை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். நீ சொல்லு என்றார். அவள் குனிந்தாள். நாய் டீ என்றாள். ஒண்ணா ரெண்டா? ரெண்டும். மறுபடி தூவினார்கள். மறுபடி டம்ளர், மறுபடி நீ சொல்லு. ஒரு நாள் சின்னது போயிருச்சு, கிழடு அசைய மாட்டேங்குது என்றாள். இன்னொரு தடவை போடணும் என்று அவள் சொல்லச் சொல்ல அவர் போட்டார். வெறும் டீ என்று அவள் சொன்ன அன்றைக்கு டம்ளரைத் திருப்பி வாங்கி, அவள் கையைத் தட்டிவிடுவதற்குள், மடமடவென்று குடித்துவிட்டார். கார்ப்பெட்டில் கிடந்த டீயை! அதற்கப்புறம் எத்தனை மழைக்காலம் வந்தாலும் தேயிலையும் டம்ளரும்தான். எட்வின் பிறந்து, தவழ்ந்து, அந்த டம்ளரை எட்டிப் பிடித்துக் கையைச் சுட்டுக்கொண்டு, வளர்ந்து, இந்த வீட்டை வாங்கிக்கொண்டு வந்து, கம்பளம் முதல்முதலாக மடிக்காமல் முழுசாக விரிந்து, அவர் ரிட்டயராகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்காமல் போய், எல்லாம் ஆயிற்று. கார்த்திகையில் ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து இந்த மூலை நனைந்தபோது அவள் தொட்டுத்தான் ஈரத்தைத் தெரிந்துகொண்டாள். தொட்ட அன்றைக்கு அது நனைந்து எத்தனை நாளாகியிருந்ததோ.

பெருக்கினதை முறத்தில் அள்ளிக்கொண்டு எழுந்தபோது முழங்கால் சொடக்கிட்டது. கம்பளம் பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது. பார்க்க. கம்பளம் இல்லை என்றால்? அந்த நினைப்பு காலையிலிருந்து கதவோரம் நின்றுகொண்டிருந்தது, இப்போது உள்ளே வந்துவிட்டது. எட்வின் கம்பளம் என்று சொன்னான், அவனுக்கு அப்படிச் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். அம்மா நாறுகிறாய் என்று எந்தப் பிள்ளை சொல்வான். ஸ்வெட்டரைக் கழற்றித் தோள்பட்டையை முகர்ந்து பார்த்தாள். கம்பளி மூக்கில் குத்தியது. போன வாரம் பீரோவில் இருந்த அத்தனையையும் எடுத்துத் துவைத்தாள், காலையில் ஒரு குளியல், வெயில் இறங்குவதற்குள் ஒரு குளியல், பவுடர் போட்டுக்கொண்டால் எவ்வளவு போடுகிறோம் என்று தெரியாதே என்று அதையும் விட்டுவிட்டாள். நேற்று மேட்டு வீட்டு ஹாலம்மா பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தபோது இவள் தூண்டில் போடுகிற மாதிரி மெதுவாக ஒரு பேச்சைப் போட்டாள், மழைக்கப்புறம் எல்லா வீட்டிலும் ஒரு வாடை வரத்தான் செய்யுது இல்ல என்று. ஹாலம்மா சுற்றிலும் பார்த்துவிட்டு, வீட்ல மூணு எருமை கட்டியிருக்கறவகிட்ட வாடையைப் பத்திக் கேக்கிறியே தவமணி, எனக்கு உங்க வீடே தேவலோகம் என்று சிரித்துக்கொண்டு போய்விட்டாள். நேராகக் கேட்டிருக்கலாம். எனக்கு மோப்பம் போய்விட்டது, கொஞ்சம் குனிந்து பார்த்துச் சொல்லு என்று. வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அதைச் சொல்லிவிட்டால் அது நடந்ததாக ஆகிவிடும். ஹாலம்மாவுக்குத் தெரிந்தால் பால்காரனுக்குத் தெரியும், பால்காரனுக்குத் தெரிந்தால் சர்ச்சுக்குத் தெரியும், ஐயோ பாவம் என்பார்கள், மீனை அவளிடம் காட்டிக் கேட்டுப்போனவர்கள் எல்லாம் இனி அவளுக்கு மீன் பார்த்துச் சொல்வார்கள். அடுக்களைக்குப் போய் ரெகுலேட்டரைத் திருகிப் பார்த்தாள். இப்போதுதானே பார்த்தோம் என்று கைக்குத் தெரிந்தது. கை திருகியது.

வந்ததுதான் வந்தோம் என்று, தீக்குச்சியைப் பற்றவைப்பதற்கு முன்னால் எப்போதும்போல ஜன்னலைத் திறந்து, கதவைத் திறந்து, கொஞ்ச நேரம் நின்று, பிறகு அடுப்பை ஏற்றித் தண்ணீர் வைத்தாள். எதற்கு வைக்கிறோம் என்று தண்ணீர் சலசலத்தபோதுதான் புரிந்தது. முறத்திலிருந்து ஒரு சிட்டிகையை எடுத்துக் கண்ணாடி டம்ளரில் போட்டிருந்தாள். பழக்கம். தண்ணீரை ஊற்றினாள், அடுப்பை அணைத்தாள், சிலிண்டரை மூடினாள், டம்ளரைத் தட்டால் மூடினாள். நிறம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், முதலில் நூல் நூலாக, அப்புறம் மொத்தமாக. தட்டை எடுத்துவிட்டுக் குனிந்தாள். முகத்தில் ஆவி பட்டது. ஈரம், சூடு. அவ்வளவுதான். ஒரு கணம் அப்படியே மூச்சை நிறுத்தி, தலையைத் தூக்கி, எதிரே பார்த்தாள். எதிரே யாரும் இல்லை, அலமாரிதான் இருந்தது. எதற்காக நிமிர்ந்து பார்த்தோம்? யாருடைய முகத்தைப் பார்க்க? கொஞ்ச நாளாகவே இப்படித்தான் செய்கிறாள். கிறிஸ்துமஸ் அன்று கேக் டப்பாவைத் திறந்ததும் மூக்கருகே கொண்டுபோய், அரை மூச்சு நிறுத்தி, ஷீபாவின் முகத்தைப் பார்த்து, அது மலர்ந்ததும்தான், ம், நல்லா வந்திருக்கு என்றாள். சர்ச்சில் யாரோ தாழம்பூ கொண்டுவந்தபோதும் அதேதான், முதலில் பூ, அப்புறம் பக்கத்தில் நிற்பவர்களின் முகம், அப்புறம் தன் வாய். இந்த வரிசை அவளுக்குப் புதிதில்லை. இதை எங்கேயோ பார்த்திருக்கிறாள். மூக்கருகே கொண்டுபோவது, அரை மூச்சு, நிமிர்ந்து எதிரே இருப்பவள் முகத்தைப் பார்ப்பது. எதிரே இருந்தவள் அவள்தான். மேஜைக்கு அந்தப் பக்கம் பிரியாணிச் சட்டியின் மூடியைத் திறந்து, குனிந்து, நிமிர்ந்து, இவள் முகத்தைப் பார்த்து, இவள் சிரித்ததும், ஆகா என்று சொன்ன மனுஷன். டம்ளரைக் கீழே வைத்தாள். ஒருநாள் சாப்பாட்டுக் கூடையோடு ஃபேக்டரிக்குப் போனபோது தலைவலி என்று நெற்றி முழுக்கத் தைலம் பூசியிருந்தாள். அவர் கிடங்கு வாசலில் நின்று கூடையை வாங்கி, உள்ளே வா, புது மெஷின் வந்திருக்கு பாரு என்று கூட்டிப்போனார். அந்தக் கோடியிலிருந்து மேனேஜர் ஓடி வந்து கத்தினார், உனக்கு மூக்கு இருக்கா இல்லையா மேன் என்று. வீட்டுக்கு வந்து அவர் அதை நடித்துக் காட்டிச் சிரிக்க வைத்தார். ஆனால் அங்கே நிற்கும்போது அவர் முகம் வெளுத்திருந்தது, வேலைக்குப் பயந்த வெளுப்பு என்று நினைத்திருந்தாள். வேலைக்குத்தான் பயந்திருக்கிறார். தேயிலைக் கிடங்குக்கு மூக்கில்லாத ஆளை யார் வைத்துக்கொள்வார்கள். இன்னொரு நாள் அடுப்பில் சோறு தீய்ந்துகொண்டிருக்க, அதே அடுக்களையில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்கு எதுக்கு வச்சிருக்கீங்க, கண்ணாடி மாட்டவா என்று கேட்டாள். கண்ணாடிக்குத்தான் என்றார். சிரித்தார். அவளும் சிரித்தாள். அவர் சிரித்ததால் அவள் சிரித்தாள். அதற்கும் முன்னால், எல்லாவற்றுக்கும் முன்னால், கல்யாணமான புதிதில், இரவு ஜெபம் முடித்து இவள் எழுந்தபோது பூ வாசனை ரூம் பூராவும் இருக்கு தவம் என்றார். இவள் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள், இது கனகாம்பரங்க, கனகாம்பரத்துக்கு ஏது வாசனை என்று. அவர் ஒரு நிமிஷம் திகைத்துப்போய், அப்புறம், நீ வச்சா உண்டு என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷம் இருந்திருக்கிறாள். கூடப் பிறந்தவர்களிடம் சொல்லியிருக்கிறாள், எட்வின் கல்யாணத்தன்று ஷீபாவிடம்கூடச் சொல்லிவிட்டாள். அலமாரிக் கண்ணாடியில் தன் முகம் தெரிந்தது. தெரிந்தே சொல்லியிருக்கிறார். கனகாம்பரம் என்று தெரியாமல் முதலில் சொன்னார், தெரிந்த பிறகு அடுத்ததைச் சொன்னார். இத்தனை வருஷம் ஒரு டம்ளரை நீட்டி நீ சொல்லு, நீ சொல்லு என்று கேட்டது பெண்டாட்டியின் மூக்கைக் கொண்டாட என்று அவள் நினைத்திருந்தாள். கொண்டாடினார்தான். அதுவும் பொய்யில்லை. கேட்பதற்கு அவருக்கு வேறு ஆள் இல்லாததும் பொய்யில்லை. என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்தது. யாரிடம் சொல்வார்? மூக்கு எதுக்கு வச்சிருக்கீங்க என்று கேட்டவளிடமா? ஒருவேளை அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையோ, தனக்குப் போனதை வைத்துக்கொண்டு செத்தவர்மேல் ஏற்றிப் பார்க்கிறோமோ. இருக்கலாம். பிரியாணிச் சட்டியிலிருந்து நிமிர்ந்து தன் முகத்தைப் பார்த்த அந்தக் கண்ணை மட்டும் அவளால் ஒதுக்க முடியவில்லை. பசி மாதிரி இருந்த கண். அவள் அதைப் பிரியாணிக்கான பசி என்று நினைத்திருந்தாள்.

கீழே வளைவில் கார் கியர் மாற்றுகிற சத்தம் கேட்டது. டம்ளரைத் தொட்டியில் கொட்டிவிட வேண்டும் என்று எடுத்தவள், கொட்டாமல் தட்டால் மறுபடி மூடி வைத்தாள். எட்வின் வாசலில் பையை வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினான். அப்பாவுடைய தோள், அப்பாவுடைய நரை. என்னம்மா இளைச்சிட்ட என்றான், ஷீபா இதைக் கொடுத்துவிட்டாள் என்று ஒரு டப்பாவைக் கொடுத்தான், வழியில் பர்லியாறில் டீ நன்றாயில்லை என்றான். பேசிக்கொண்டே கம்பளத்தின் மேல் வந்து நின்றான். தவமணி அவன் மூக்கையே பார்த்தாள். அது ஒரு தடவை விரிந்தது. பிறகு ஒன்றும் தெரியாத மாதிரி ஆகிவிட்டது. “பரவால்லியே, நல்லா ஆக்கிட்டியேம்மா,” என்றான். சீக்கிரமாகச் சொன்னான். நெற்றியைத் துடைத்துக்கொண்ட ஷீபா மாதிரி. அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, தொண்டையைச் செருமி, கையைக் கோத்துக்கொண்ட விதத்தில் அடுத்து வருவது கோயம்புத்தூர் என்று அவளுக்குத் தெரிந்தது. நான் நன்றாயிருக்கிறேன், பார், நீயே சொன்னாயே கம்பளம் நன்றாயிருக்கிறது என்று, இனி என்ன பேச்சு என்று அவள் சொல்லலாம். அவன் பொய்யை வைத்தே அவனை மடக்கலாம். இன்னும் ஒரு வருஷம் ஓடும். ரெகுலேட்டரைத் திருகித் திருகி. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து. கொஞ்சம் இருய்யா என்று உள்ளே போனாள். வந்தபோது கையில் டம்ளர் இருந்தது. தட்டை எடுத்துவிட்டு அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அவன் சிரித்துவிட்டான். “இன்னுமா இதை வச்சிருக்க? நீ பாத்தியா, என்ன சொல்லுது?”

“எனக்குத் தெரியலை. நீ சொல்லு.”

அவன் கை டம்ளரிடம் வந்து பாதியில் நின்றது. “தெரியலைன்னா?”

“தெரியலை. ஐப்பசிலேருந்து ஒண்ணும் தெரியலை. பாலும் தெரியலை, மீனும் தெரியலை. கார்ப்பெட்டும் தெரியலை. கிறிஸ்துமஸுக்கு உங்கிட்டப் பொய் சொன்னேன்.”

அவன் அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். வாயைத் திறப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்த கேள்விதான். “கேஸ்?” என்றான்.

“மூடிடறேன். ஜன்னலைத் திறந்துட்டுத்தான் பத்த வைக்கிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை போய்த் திருகறேன்னு கேக்காத. தூக்கத்துலயும் திருகறேன்.” குரல் உடையாமல் சொல்லிவிட்டாள். கைதான் நீட்டியபடி வலித்தது. “அதை அப்புறம் பேசலாம். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். முதல்ல இதைச் சொல்லு. நிசத்தைச் சொல்லு.”

அவன் டம்ளரை வாங்கிக்கொண்டான். குனிந்தான். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. முதல் தடவையாக, பார்க்காமல் காத்திருந்தாள். அவன் ஒரு தடவை முகர்ந்தான், கொஞ்சம் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை முகர்ந்தான்.

“நாய் வாடைம்மா,” என்றான். “ஈரத்துல நனைஞ்ச நாய். இந்த வீட்ல ஏது நாய்?”

அந்த நாய் வாடை எங்கேயும் போகவில்லை, இத்தனை வருஷமும் அடியில் கிடந்து ஒரு மழைக்கு எழுந்து வந்திருக்கிறது. “ஒண்ணா, ரெண்டா?” என்று தவமணி கேட்டாள்.

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். கேட்க வேண்டியது அவனுக்கு நிறைய இருந்திருக்கும். “அதெல்லாம் எனக்குத் தெரியாது,” என்றான். “இன்னொரு தடவை போடணும். டீத்தூள் மிச்சம் இருக்கா?”

இருந்தது. பொட்டலத்தைக் கொண்டுவந்து அவள் கம்பளத்தில் மண்டியிட்டாள். நான் போடறேன், நீ எந்திரி என்று அவன் சொன்னதற்கு, உனக்குத் தூவ வராது என்றாள். தூவினால் ஒரு ராத்திரி கிடக்க வேண்டும். சாயங்காலம் கிளம்பலாம்னு இருந்தேன், நாளைக்குப் போய்க்கறேன் என்றான். கோயம்புத்தூரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்வான். நாளைக்கு டம்ளரைப் பார்த்த பிறகு சொல்வான், அவளும் அவளுடையதைச் சொல்வாள். எழுந்து போய் அடுக்களையில் எதையோ திருகிப் பார்த்துவிட்டு வந்தான், அது அவளுக்குக் கேட்டது. பிறகு ஜன்னல் மூலைக்கு வந்து, பேன்ட்டை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கையை ஊன்றிக் கம்பளத்தின் மேல் முகத்தைத் தாழ்த்தினான்.

“இங்கயா?” என்று கேட்டாள், கை நிறையத் தேயிலையை வைத்துக்கொண்டு.

“அங்க இல்லம்மா,” என்றான். “இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.”

அவள் கையை இடப்பக்கம் நகர்த்தினாள்.